தோட்டத்துத் தையல் மிஷினும் ஒட்டுப் போர்வையும்: தம்பின் வட்டார லயங்களின் கதை



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்திற்காக, "வீட்டில இருக்கிற பழைய பொருள் ஒன்னு கொண்டு வாங்க" என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் பழைய நாணயம், தாத்தாவின் அடையாள அட்டை, பித்தளைச் சொம்பு, பால் மரம் வெட்டும் கத்தி என்று மேசை நிறைந்துவிட்டது. ஒரு மாணவி மட்டும் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு ஒட்டுப் போர்வையை எடுத்து விரித்தாள். வகுப்பு சிரித்துவிட்டது. அவள் முகம் வாடிப்போய், "டீச்சர், இது எங்க பாட்டி தைச்சது. இது வரலாறு இல்லையா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா, மடிச்சு வை" என்று மட்டும் சொல்லி அடுத்த மாணவனைக் கூப்பிட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதும் பதில்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு போர்வை வந்தால், என்னைப்போல் மடித்து வைத்துவிடாதீர்கள்.

போர்வையில் என்ன இருந்தது?

அந்த வாரக் கடைசியில் பாட்டியைப் பார்க்கப் போனேன். தோட்டத்தை விட்டு வந்து, தம்பினில் ஒரு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். "வாங்க டீச்சர், இந்தக் கந்தலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தபடியே போர்வையை மடியில் போட்டு ஒவ்வொரு துண்டாகக் காட்டினார்.

நீலத் துண்டு மூத்த மகளின் பள்ளிச் சீருடை. சிவப்புக் கரை தன் கல்யாணத்துக்கு மறுவருடம் எடுத்த புடவை. பூப்போட்ட பழுப்புத் துண்டு மாமியாரின் பாத்தேக் கைலி. ஒரே மாதிரிக் கட்டம் போட்ட நாலு துண்டுகள், ஒரு தீபாவளிக்கு நாலு பிள்ளைகளுக்கும் ஒரே கட்டுத் துணியில் தைத்ததில் மிஞ்சியவை. போர்வையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெளிறிய வெள்ளைத் துணி. அதில் மங்கிப்போன எழுத்துகள் இன்னும் தெரிந்தன. கோதுமை மாவுச் சாக்கு!

"சாக்குத் துணிய வீசுவாங்களா? சோடா போட்டு வேக வைச்சு, கல்லுல அடிச்சு, வெயில்ல போட்டா வெள்ளையா வந்துரும். தலையணை உறை, பிள்ளைங்களுக்கு உள்சட்டை, அடிப்போர்வை எல்லாம் அதுலதான்."

ஒரு குடும்பத்தின் முப்பது வருடக் கணக்கு அந்தப் போர்வையில் இருந்தது. இனி அதற்குப் பின்னால் உள்ள நாட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

போருக்கு முன்: காசும் கஜமும்

தம்பின், நெகிரி செம்பிலானும் மலாக்காவும் சேரும் எல்லையில் உள்ள ஊர். ரப்பர் வளர்ந்த காலத்தில் இந்த வட்டாரத்துக்குத் தமிழ்நாட்டு மக்கள் வந்து சேர்ந்தார்கள். ரெப்பா, ரீஜண்ட், சுங்கை கெலாமா போன்ற தோட்டப் பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் பார்க்கலாம். 1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளை ரயில் பாதையும் வந்தது. தோட்டத்துச் சனங்களுக்குத் தம்பின்தான் சந்தை, கடைத்தெரு, ரயிலடி எல்லாம்.

கூலி எவ்வளவு? 1928 வாக்கில் முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசு, 32 காசு என்று இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரிசிக்கே கணக்குப் பார்க்கும் காலத்தில் பிள்ளைகளுக்குத் தைத்த துணியாகக் கடையில் வாங்குவது யாருக்கு முடியும்?

அதனால் துணிக்கு ஒரு சுற்று இருந்தது. அம்மாவின் புடவை கிழிந்தால் முதலில் பாவாடை ஆகும். பாவாடை கிழிந்தால் குழந்தைக்குச் சட்டை. அதற்கும் ஆகாது என்றால் போர்வையில் ஒரு துண்டு. கடைசியில் கரித்துணி. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் பழைய புடவைத் துணியில் சுற்றுவது நம் வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது என்பதுதான் அதில் உள்ள விவரம். ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தூளிகளும் பழைய புடவைகளே. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவாள். அவள் வாசம் உள்ள புடவையில் பிள்ளை தூங்கும்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தையல் ஓட்டிய போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை'யும் அதே சொல்லின் உறவுதான். மலாய் அண்டை வீட்டார் துண்டுத் துணியை 'காயின் பெர்ச்சா' என்பார்கள். அவர்கள் வீட்டிலும் பெர்ச்சாப் போர்வை உண்டு. அமெரிக்காவில் 1930களின் பஞ்ச காலத்தில் குடியானவப் பெண்கள் மாவுச் சாக்கில் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். அதைக் கவனித்த மாவு கம்பெனிகள் சாக்கிலேயே பூப்போட்டு விற்க ஆரம்பித்தன. தம்பின் பாட்டி தனியாக இல்லை, பாருங்கள். உலகம் பூராவும் பெண்கள் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

கால் மிஷின் வந்த கதை

'சிங்கர் மிஷின்' என்று பாட்டிமார் சொல்வது, எல்லாத் தையல் இயந்திரத்துக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். இயந்திரத்தைவிடப் பெரிய மாற்றம் 1856இல் வந்தது. முழு விலையையும் ஒரே தடவையில் கேட்காமல் மாதத் தவணையில் கொடுக்கும் முறையை அந்தக் கம்பெனி தொடங்கியது. சம்பள நாளில் ஒரு தொகை கட்டினால் போதும் என்பதால் ஏழை வீட்டுக்கும் மிஷின் எட்டியது. மலாயாவுக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கர் வந்துவிட்டது.

இங்கே வந்த மிஷின்களில் பல, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தவை. 1885இல் முழுவீச்சில் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை, 1913இல் மட்டும் சுமார் 13 லட்சம் மிஷின்களை உலகம் முழுக்க அனுப்பியது. 1980இல் மூடப்பட்டது. பழைய சிங்கரின் அடித்தட்டில் ஒரு எண் இருக்கும். அது ஒய், எஃப், ஜே போன்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது கிளைட்பேங்க் மிஷின். மாணவர்களிடம் சொன்னால் வீட்டுக்குப் போனதும் டார்ச் லைட் எடுத்துப் பார்ப்பார்கள்!

இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு குறை சொன்ன காந்தியடிகள்கூட 1924இல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அது மனிதரின் வேலையைப் பிடுங்கவில்லை, மனிதரின் சிரமத்தைக் குறைக்கிறது என்பது அவர் எண்ணம்.

லயத்துக்கு இந்த மிஷின் பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குக் கரண்ட் வேண்டாம். காலால் மிதித்தால் ஓடும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம் போதும். ஒரு லயத்தில் ஒரு வீட்டில் மிஷின் இருந்தாலே பத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி தயாராகிவிடும்.

சாக்கு உடுத்திய காலம்

ஜப்பானியர் காலம் நம் வட்டாரத்தில் துப்பாக்கிச் சத்தத்தோடுதான் தொடங்கியது. 1942 ஜனவரி 14ஆம் தேதி, கெமெஞ்சே அருகே கெலாமா ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியரைத் தாக்கினார்கள். ஆனாலும் சுமார் ஒரு மாதத்தில் சிங்கப்பூரும் விழுந்துவிட்டது.

கப்பல் நின்றது. துணி வரவு நின்றது. ரப்பர் விற்பனையும் நின்றதால் தோட்டத்தில் வேலை இல்லை. "சாக்கைத்தான் உடுத்தினோம்னு எங்கம்மா சொல்வாங்க. சாக்குல கழுத்துக்கு ஒரு ஓட்டை, கைக்கு ரெண்டு ஓட்டை. அதான் சட்டை" என்றார் பாட்டி. கோணிச் சாக்கு உடம்பை அரிக்கும், மழையில் நனைந்தால் கனக்கும். தைக்க நூலும் கிடைக்காது. அன்னாசி இலை நாரிலிருந்து நூல் எடுக்கும் முயற்சிகள் அந்தக் காலத்தில்தான் நடந்தன. ஒரே நல்ல புடவையை வைத்துக்கொண்டு, வெளியே போகிறவர் கட்டிக்கொள்ள மற்றவர் வீட்டுக்குள்ளேயே இருந்த கதைகளைப் பல குடும்பங்களில் கேட்கலாம்.

இதே காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தம்பின்–மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளங்களையும் கழற்றி அந்தப் பாதைக்கே கொண்டு போனார்கள். ஆட்கள் போனார்கள், இரும்பும் போனது. லயத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டும் சாக்கைத் தைத்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

பெயர் தைத்த போர்வைகள்

இந்த இடத்தில் இன்னொரு போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே 1942இல், சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த ஐரோப்பியப் பெண்கள் மூன்று ஒட்டுப் போர்வைகளைத் தைத்தார்கள். யோசனை சொன்னவர் கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வானி. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துண்டு. அதில் அவரவர் படம் ஒன்றைப் போட்டுத் தன் பெயரையும் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். அதைக் காயம்பட்டவர்களுக்கு என்று மருத்துவமனைக்கு அனுப்பியதால், வேறு பக்கம் அடைபட்டிருந்த கணவன்மார் பெயரைப் பார்த்து, "என் மனைவி உயிரோடு இருக்கிறாள்" என்று தெரிந்துகொள்ள முடிந்தது. அதே சிறையில் இருந்த சாரணியச் சிறுமிகள் தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்காகக் கந்தல் துணியிலிருந்து அறுகோணத் துண்டுகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார்கள். இன்று இந்தப் போர்வைகளை ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். இவற்றைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன.

அதே ஆண்டு, அதே பஞ்சம், அதே ஊசி. நம் தோட்டத்துப் பெண்கள் தைத்தவை எங்கே? கரித்துணியாகி அடுப்படியில் முடிந்துவிட்டன. அவர்கள் பெயரைத் தைக்கவில்லை. பலருக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும், பிள்ளைக்குத் தைக்கும் துணியில் யார் தன் பெயரைப் போடுவார்கள்?

சாங்கிப் பெண்களின் துன்பம் சின்னது என்று சொல்ல வரவில்லை. வரலாறு எப்படி மிஞ்சுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெண் எத்தனை மரம் வெட்டினாள், எத்தனை நாள் பெரட்டுக்கு வரவில்லை என்பதெல்லாம் இருக்கும். மத்தியானம் வீடு திரும்பி, சமைத்து, துவைத்து, இரவில் எத்தனை சட்டை தைத்தாள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

தீபாவளியும் உள்மடிப்பும்

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து, சம்பளத்தைப் பேசி வாங்கும் நிலை வந்தது. 1957இல் சுதந்திரம். பாட்டி சொன்ன கதைகளில் சந்தோஷமானவை எல்லாம் அதற்குப் பிந்திய இருபது வருடங்களில்தான் வருகின்றன.

சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சீக்கிய வியாபாரிகள் லயத்துக்கே வருவார்கள். கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலிப்பார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு கட்டுத் துணியாக எடுத்தால் விலை குறையும், துண்டும் வீணாகாது. அதனால்தான் அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் அக்கா கவுன், தங்கை பாவாடை, தம்பி சட்டை எல்லாம் ஒரே டிசைனில் இருக்கும். "கோயில்ல காணாம போனாக்கூட யார் வீட்டுப் பிள்ளைன்னு துணிய பார்த்தே சொல்லிருவாங்க!"

அளவு எடுக்கப் பழைய தமிழ் நேசன் தாள்தான். பேப்பரில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரிக்கோல் வைப்பார்கள். பாவாடையில் எப்போதும் இரண்டு மூன்று உள்மடிப்பு வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர வருடத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். பிரித்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று தெரியும். மரத்துக்கு வளையம் போல, பாவாடைக்குக் கோடு. மூன்று கோடு இருந்தால் மூன்று தீபாவளி.

பரிசு என்றாலும் கையால் தைத்ததுதான். வளைகாப்புக்கு வந்தவர்கள் குழந்தைக்குச் சின்னச் சட்டை, நாடா வைத்த தொப்பி, ஓரம் அடித்த துண்டு என்று கொடுப்பார்கள். பக்கத்து லயத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பூவேலை செய்த ஒரு ஜோடி தலையணை உறை.

ஆனால் இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நான் பாட்டியிடம், "தைக்கிறது உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிடிக்கும் பிடிக்காதுன்னு யோசிக்க யாருக்கும்மா நேரம்? விடிய நாலு மணிக்கு எழுந்திரிக்கணும். ராத்திரி மிஷின் மிதிச்சா காலு வீங்கிரும். என் மூத்தவ ஸ்கூலுக்குக் கிழிஞ்ச சிலுவாரோட போகக் கூடாது, அதான் தைச்சேன்" என்றார். அந்தப் பதிலை நான் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கைவேலை அழகு என்று நாம் இன்று பாராட்டுகிறோம். அன்று அது சம்பளம் இல்லாத இரண்டாவது பெரட்டு.

அதோடு, அது ஒரு கைக்காசும் ஆனது. ஜாக்கெட் தைத்துக் கொடுத்து வந்த சில வெள்ளிகளைக் கணவன் கையில் கொடுக்காமல் சீட்டுப் போட்டதாகவும், மகளின் இடைநிலைப் பள்ளிச் செலவு அதில்தான் நடந்ததாகவும் பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் அது ரகசியம்!

மிஷின் ஓய்ந்தது

1970களில் நாட்டில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டத்து இளம்பெண்கள் பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போனார்கள். மாதச் சம்பளம் கையில் வந்தது, இரவில் தைக்க நேரம் போனது. பசார் மாலாமில் ஒரு சட்டையின் விலை, துணி எடுத்து நூல் வாங்கித் தைக்கும் செலவைவிடக் குறைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயத்தைக் காலி செய்யும்போது லோரியில் முதலில் ஏறியவை டிவியும் ஃபிரிஜும். கனமான இரும்புக்கால் மிஷின் பல வீடுகளில் பழைய இரும்புக்காரரிடம் போனது. சில, சாப்பாட்டுக் கடைகளில் மேசைக் காலாக நிற்கின்றன.

பாட்டியின் மிஷின் வீட்டுப் பின்கட்டில் துணி மூடி இருக்கிறது. வார் அறுந்துவிட்டது. "வித்துரலாம்னு மகன் சொல்றான். நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னேன்."

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

1. *துணியை ஆவணமாகப் படித்தல்:* வீட்டில் கையால் தைத்த ஒரு துணியை மாணவர்கள் கொண்டுவரட்டும். யார் தைத்தது, யாருக்கு, எப்போது, துணி எங்கிருந்து வந்தது, அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்ற ஐந்து கேள்விகளுக்கும் பெரியவர்களிடம் கேட்டு விடை எழுதட்டும். கைத்துணி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒரு பழைய குடும்பப் படத்தில் உள்ள உடையைப் பற்றி எழுதலாம்.

2. *நேர்காணல்:* பாட்டி பேசுவதைப் பேசியபடியே எழுதச் சொல்லுங்கள். பெரட்டு, தண்டல், கிராணி, ஆயாக் கொட்டகை, சிலுவார் போன்ற தோட்டத்துச் சொற்களைத் திருத்தாமல் பட்டியலிடட்டும். அதுவே ஒரு சிறு சொற்களஞ்சியம்.

3. *கணிதம்:* ஒரு கஜம் 36 அங்குலம், அதாவது சுமார் 91 சென்டிமீட்டர். ஒரு பாவாடைக்கு ஒன்றரை கஜம், ஒரு சட்டைக்கு ஒரு கஜம் என்றால், இரண்டு பெண் பிள்ளை, இரண்டு ஆண் பிள்ளை உள்ள வீட்டுக்கு எத்தனை கஜம் வேண்டும்? எத்தனை மீட்டர்?

4. *கைவினை:* வாழ்வியல் திறன் பாடத்தில் நாம் சொல்லிக் கொடுத்த ஓட்டுத் தையல் போதும். ஒவ்வொரு மாணவரும் ஒரு சதுரத் துண்டில் தன் வீட்டில் தைத்த ஒரு பெண்ணின் பெயரைத் தைக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் வகுப்புப் போர்வை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒட்டுப் போட்ட துணியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். பாடத்தைத் தொடங்குமுன் மாவுச் சாக்குக் கதையையும் சாங்கிப் போர்வைக் கதையையும் சொல்லிவிடுங்கள். நான் அந்த வரிசையில் செய்யாததால்தான் ஒரு பிள்ளையின் முகம் வாடியது.

அந்த மாணவியிடம் மறுபடியும் போர்வையைக் கொண்டுவரச் சொன்னேன். இம்முறை மேசையில் விரித்து, "இதில் எத்தனை வரலாறு இருக்கு, எண்ணலாமா?" என்று வகுப்பைக் கேட்டேன். சீருடை, பாத்தேக், தீபாவளி, மாவுச் சாக்கு என்று எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். போர்வையின் ஒரு மூலையில், அவளே சிவப்பு நூலில் பாட்டியின் பெயரைத் தைத்துக் கொண்டு வந்திருந்தாள். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். பாட்டி என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"எதுக்குடி இதெல்லாம்னு திட்டினாங்க டீச்சர். அப்புறம் அந்த மூலையை மட்டும் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க."